நாலு வயது மகளுடன் சிங்கப்பூர்: ரயிலும் பஸ்ஸும் போதுமா, டாக்சிதான் வேண்டுமா?

பாளை அம்மா | ஏப்ரல் 11, இரவு 9.40

என் கணவர் வேலை நிமித்தமாக மூன்று மாதம் சிங்கப்பூரில் இருக்கிறார். மே மாத விடுமுறையில் நானும் மகளும் எட்டு நாள் போய் வரத் திருச்சியிலிருந்து டிக்கெட் எடுத்துவிட்டோம். மகளுக்கு நாலு வயது மூன்று மாதம். தங்கப்போவது லிட்டில் இந்தியா பக்கம் ஒரு சிறிய அறையில்.

பகல் முழுவதும் அவருக்கு வேலை. ஆகவே திங்கள் முதல் வெள்ளி வரை ஊர் சுற்றப்போவது நானும் பாப்பாவும் மட்டும்தான். "பச்சைப் பிள்ளையை இழுத்துக்கொண்டு ரயில், பஸ் என்று அலையாதே, டாக்சியில் போ" என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். அவர் வேலை முடிந்து வரும்வரை அறையிலேயே இருந்துவிடு என்கிறார் அத்தை. எனக்கு மனம் ஒப்பவில்லை.

நான் பாளையங்கோட்டையிலிருந்து திருநெல்வேலி ஜங்ஷன் வழியாக டவுனுக்கு பஸ்ஸில் போய் வளர்ந்தவள். ஈரடுக்குப் பாலத்தில் பஸ் ஏறும்போது கீழே ரயில் தெரிகிறதா என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. டாக்சியின் பின் இருக்கையிலிருந்து அப்படி ஒரு நினைவு மகளுக்குக் கிடைக்குமா?

குழந்தைக்கு டிக்கெட் எடுக்க வேண்டுமா? தள்ளுவண்டியோடு பஸ்ஸில் ஏற விடுவார்களா? ஒரு பெண் தனியாகச் சமாளிக்க முடியுமா? அங்கே பிள்ளையோடு சுற்றிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஆழ்வார்குறிச்சி மகள் | ஏப்ரல் 11, இரவு 10.55

முடியும் தங்கச்சி, தாராளமாக முடியும். ஒன்பது வருடமாக இங்கே இருக்கிறேன், இரண்டு பிள்ளைகளை இந்த ரயிலிலும் பஸ்ஸிலும்தான் வளர்த்தேன்.

முதலில் டிக்கெட். நம் ஊரில் வயதைக் கேட்பார்கள், இங்கே உயரத்தையும் பார்ப்பார்கள். 0.9 மீட்டருக்குக் குறைவான குழந்தை, டிக்கெட் எடுத்த பெரியவரோடு இலவசமாகப் போகலாம். நாலு வயது என்றால் உங்கள் பாப்பா அந்த உயரத்தைத் தாண்டியிருப்பாள். ஏழு வயதுக்குள் இருப்பதால் அப்போதும் இலவசம்தான், ஆனால் அதற்குக் குழந்தைகளுக்கான சலுகை அட்டை வாங்க வேண்டும். ரயில் நிலையங்களில் உள்ள டிக்கெட் அலுவலகத்தில் அவளுடைய பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேளுங்கள். உங்களுக்குத் தனி அட்டை எதுவும் கட்டாயமில்லை. தொட்டுச் செலுத்தும் வங்கி அட்டை இருந்தால் அதையே வாயிலில் வைக்கலாம். வெளிநாட்டு அட்டை என்றால் பயன்படுத்தும் நாள் ஒவ்வொன்றுக்கும் 60 சென்ட் கூடுதலாகப் பிடிப்பார்கள். கணவரும் கூட வரும் நாளில் அவருக்கு வேறு அட்டை வேண்டும், ஓர் அட்டையில் இருவர் போக முடியாது.

பஸ்ஸில் ஏறும்போது அட்டையைக் காட்டுவதுபோல் இறங்கும்போதும் காட்ட வேண்டும். கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. இறங்கும்போது மறந்தால் கடைசி நிறுத்தம்வரை போனதாகக் கணக்காகிவிடும். கையில் பிள்ளை, தோளில் பை, இதற்கு நடுவில் இதுதான் அடிக்கடி மறக்கும். எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிட்டோம். ஒருநாள்கூட அவர்கள் மறந்ததில்லை.

தள்ளுவண்டியை 2017 ஏப்ரல் முதல் மடிக்காமலே எல்லாப் பொதுப் பேருந்துகளிலும் ஏற்றலாம். சக்கர நாற்காலிக்கான இடத்தில் நிறுத்திப் பூட்டிக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலியில் ஒருவர் வந்தால் அவருக்கே முதலிடம்.

இன்னொன்று. நீங்கள் தங்கும் லிட்டில் இந்தியா நிலையம் டவுன்டவுன் பாதையில் இருக்கிறது. முதல் இரண்டு நாள் அந்த ஒரே பாதையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதிலேயே தாவரவியல் பூங்கா இருக்கிறது, பேஃபிரண்ட் இருக்கிறது, சைனாடவுன் இருக்கிறது. பாதை மாற வேண்டாம், வரைபடம் பார்த்துத் தடுமாற வேண்டாம். விமான நிலையத்திலிருந்து வரும்போது மட்டும் ஒரே ஒரு நிறுத்தம் போய் எக்ஸ்போவில் மாறினால் அதே பாதைதான். ஆனால் அந்த ரயில் நகரத்தின் அடியில் ஒரு பெரிய வளையம் போட்டுவிட்டுத்தான் லிட்டில் இந்தியாவுக்கு வரும். உங்கள் அறை சிராங்கூன் சாலைக்குக் கிழக்கே இருந்தால் பத்து நிறுத்தம் முன்னதாக ஜாலான் புசாரிலேயே இறங்கி நடந்துவிடலாம்.

ஓய்வுபெற்ற நடத்துநர் | ஏப்ரல் 12, காலை 6.10

மகளே, முப்பத்தொரு வருடம் டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவன் சொல்கிறேன். பஸ்ஸில் அழும் குழந்தைகள் இரண்டு வகை. பசியில் அழுவது ஒன்று, ஜன்னல் கிடைக்காமல் அழுவது மற்றொன்று. முதலாவதற்கு வீட்டிலேயே வழி செய்யுங்கள். இரண்டாவதற்கு, இடமில்லாத வண்டியை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறுங்கள். அவசரம் யாருக்கு? உங்களுக்குத்தான், பிள்ளைக்கு இல்லை.

போவதற்கு முன்னால் இங்கேயே ஒத்திகை பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஜங்ஷனிலிருந்து செங்கோட்டை பாசஞ்சரில் ஏறி அம்பாசமுத்திரம்வரை போய் வாருங்கள். நீங்கள் சொன்ன பிறகு ஏறுவது, நின்ற பிறகு எழுவது, இறங்கியதும் சுவரோரம் நிற்பது, இந்த மூன்றையும் சொல்லிக்கொடுங்கள். கல்லிடைக்குறிச்சி தாண்டித் தாமிரபரணிப் பாலம் வரும்போது பிள்ளை ஜன்னலை விட்டு நகராது. அங்கே எழுந்து நிற்காமல் உட்கார்ந்து பார்க்கப் பழகிவிட்டால் எந்த ஊர் ரயிலிலும் கவலையில்லை.

உயரத்தை அளந்து டிக்கெட் என்பதைப் படித்ததும் சிரித்துக்கொண்டேன். நம் அரசுப் பேருந்தில் இப்போது ஐந்து வயதுவரை இலவசம். மூன்று வயது என்று இருந்த காலத்தில் மூன்றரை வயதுப் பிள்ளையை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு "ரெண்டே முக்கால்" என்பார்கள். நான் முகத்தைப் பார்ப்பேன், மறுபக்கம் திரும்பிக்கொள்வேன்.

மேலப்பாளையத்தான் | ஏப்ரல் 12, பகல் 1.25

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுவதால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். போன வருடம் இரண்டரை வயது மகனோடு அங்கே ஐந்து நாள் இருந்தோம். ரயில் பிரமாதம், மறுக்கவில்லை. சிரமம் ரயிலுக்கு வெளியே இருக்கிறது. நிலையத்துக்குள் இறங்கவே நாலு நிமிடம். சில நிலையங்கள் அவ்வளவு ஆழம். லிப்ட் எப்போதும் நாம் நிற்கும் முனைக்கு எதிர்முனையில் இருக்கும். வெளியேறும் வழிகள் ஏழெட்டு இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து, அதை மாற்றிப் போட்டுவிட்டால் சாலைக்கு அந்தப் பக்கம் போய் முளைப்போம். மூன்றாம் நாள் மதியம் ஒன்றரை மணிக்கு அப்படித்தான் தவறான வழியில் ஏறி, தூங்கிப்போன பிள்ளையைத் தோளில் போட்டு, தள்ளுவண்டியை ஒரு கையால் மடித்துத் தூக்கிக்கொண்டு, நடைபாதை ஓரத்திலேயே மனைவி உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கோலம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அன்று இருபது வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து ஒரு வண்டி பிடித்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?

அக்கா தனியாகப் போகிறார். பகலுக்கு ஒரு முறையாவது டாக்சிக்குப் பணம் ஒதுக்குங்கள் என்பதுதான் என் கருத்து.

ஆழ்வார்குறிச்சி மகள் | ஏப்ரல் 12, பகல் 2.05

தம்பி சொல்வது நியாயம். அந்த நடையை நானும் நடந்திருக்கிறேன். பென்கூலன் நிலையம் தரையிலிருந்து 43 மீட்டர் ஆழம், அங்கே மேலே ஏறி வருவதற்குள் என் சின்னவன் இரண்டு தடவை உட்கார்ந்துவிடுவான்.

டாக்சி என்றால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். இங்கே 1.35 மீட்டருக்குக் குறைவான குழந்தைகளுக்குக் காரில் தனி இருக்கை கட்டாயம். கூரையில் பெயர்ப்பலகை வைத்த டாக்சிக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு உண்டு. செயலியில் அழைக்கும் தனியார் வாடகைக் கார்களுக்கு விலக்கு கிடையாது. குழந்தை இருக்கை இல்லாத காரை அழைத்துவிட்டு ஓட்டுநர் மறுக்கும்போது நடுத்தெருவில் நிற்க நேரும். விலக்கு இருந்தாலும் டாக்சியில் பிள்ளையை மடியில் வைக்காதீர்கள், பின் இருக்கையில் வாரைப் போட்டு உட்கார வையுங்கள்.

மேலப்பாளையத்தான் | ஏப்ரல் 12, பகல் 2.30

இது எனக்குத் தெரியாமல் இரண்டு முறை செயலியில் அழைத்திருக்கிறேன். நன்றி அக்கா.

கடையநல்லூர் வாசகன் | ஏப்ரல் 13, இரவு 8.15

எங்கள் ஊரில் சிங்கப்பூர் போகாத வீட்டை விரல் விட்டு எண்ணிவிடலாம். என் பாட்டனார் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் போனவர். கடையநல்லூர், தென்காசிக்காரர்கள் தஞ்சோங் பகார் பக்கம் குடியேறி, தங்களுக்கென்று சங்கங்கள் வைத்து, பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளியும் நடத்தியவர்கள். சகோதரி போகும் ஊர் அந்நிய ஊர்தான், ஆனால் வழி கேட்க வாய் கூசத் தேவையில்லை. தமிழ் அங்கே நான்கு அதிகாரபூர்வ மொழிகளில் ஒன்று. லிட்டில் இந்தியா என்பது சுற்றுலாப் பெயர், அங்குள்ள தமிழர்களுக்கு அது தேக்கா. "தேக்காவுக்கு எப்படிப் போக வேண்டும்" என்று கேட்டுப் பாருங்கள், பதில் சொல்லும் முகம் மாறிவிடும். லிப்டைப் பத்திரிகையில் மின்தூக்கி என்று எழுதுவார்கள். ரயிலுக்கு அங்கே பெருவிரைவு ரயில் என்று பெயர்.

பாப்பாவுக்காக ஒரு யோசனை. டவுன்டவுன் பாதை முழுவதும் சுரங்கம், ஜன்னலில் இருட்டுதான் தெரியும். ஆனால் அதில் ஓட்டுநர் கிடையாது. முதல் பெட்டியின் முன்முனைக்குப் போய்விட்டால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுரங்கமே ஓடிவரும். அதே பாதையின் மேற்குக் கோடியில் புக்கிட் பாஞ்சாங். அங்கே 1999 முதல் ஒரு குட்டி ரயில் ஓடுகிறது, தூண்களுக்கு மேல், அடுக்குமாடி வீடுகளின் நடுவே, ஒரு வட்டம் அடித்துத் திரும்ப அங்கேயே வந்துவிடும். வீடுகளுக்கு மிக அருகில் போகும் இடங்களில் அதன் ஜன்னல் கண்ணாடி தானாகவே வெள்ளையாகிவிடும், வீட்டுக்குள் இருப்பவர்களைப் பயணிகள் பார்க்கக் கூடாது என்பதற்காக. என் மகன் அதற்காகவே மூன்று சுற்று வந்தான். அதைப் பார்க்க நுழைவுக் கட்டணம் என்று ஒன்றும் இல்லை, ரயில் கட்டணம்தான்.

வெளிச்சத்தில் ஓடும் பெரிய ரயில் வேண்டும் என்றால் பூகிஸில் கிழக்கு மேற்குப் பாதைக்கு மாறிக் கிழக்கே போங்கள். லாவெண்டர் தாண்டியதும் சுரங்கத்திலிருந்து ரயில் மேலே ஏறி வெயிலுக்கு வரும்.

பாளை அம்மா | ஏப்ரல் 14, காலை 11.20

எல்லோருக்கும் மனம் நிறைந்த நன்றி. புத்தாண்டு வாழ்த்துகள். இரண்டு பயம் மட்டும் மிச்சமிருக்கிறது. ஒன்று, கதவு மூடும்போது அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் ஆகிவிட்டால்? இரண்டு, நடுவழியில் பசி, தாகம், கழிப்பறை. ரயிலில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாதாமே?

சேரன்மகாதேவி டீச்சர் | ஏப்ரல் 14, மாலை 5.45

நான் எல்கேஜி பிள்ளைகளை இருபத்திரண்டு வருடமாக மேய்க்கிறவள், ஆகவே முதல் பயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். நாலு வயதுப் பிள்ளைக்கு "பத்திரமாக இரு" என்றால் ஒன்றும் புரியாது. காலால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். "அம்மா ரயிலோடு போய்விட்டால், நீ நின்ற இடத்திலேயே நில். அம்மா திரும்பி வருவேன். நீ ரயிலோடு போய்விட்டால், அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நில். அம்மா அடுத்த ரயிலில் வருவேன்." வீட்டு வாசற்படியைக் கதவாக வைத்துத் தினம் ஒரு முறை விளையாட்டாக நடித்துக் காட்டுங்கள், நீங்கள் திரும்பி வருவதையும் சேர்த்து. அந்தத் திரும்பி வருதல்தான் பிள்ளை மனத்தில் பதிய வேண்டும். உங்கள் கைபேசி எண்ணைத் துணியில் எழுதிச் சட்டையின் உள்பக்கம் தைத்துவிடுங்கள், தாளாக இருந்தால் உருவிப் போட்டுவிடும்.

"அடுத்த ரயில் வரும்" என்ற மூன்று வார்த்தைகளையும் பழக்குங்கள். ஓடிப்போய் ஏற அவசரப்படாத பிள்ளைக்குப் பாதி ஆபத்து இல்லை.

ஆழ்வார்குறிச்சி மகள் | ஏப்ரல் 14, இரவு 9.30

டீச்சர் சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. எல்லா பெருவிரைவு ரயில் நிலையங்களிலும் நடைமேடை ஓரத்தில் தடுப்புக் கதவுகள் உண்டு, ரயில் வந்த பிறகுதான் திறக்கும். தண்டவாளத்தில் விழும் பயம் வேண்டாம்.

உணவும் தண்ணீரும் உள்ளே கூடாது, மீறினால் 500 வெள்ளிவரை அபராதம். வாயிலுக்கு வெளியிலேயே குடிக்க வைத்து, கழிப்பறைக்கும் அழைத்துப் போய்விட்டு உள்ளே நுழையுங்கள். பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் இடையில் 45 நிமிடத்துக்குள் மாறிக்கொண்டால் ஒரே பயணமாகத்தான் கணக்கு, அந்த இடைவெளியில் சாப்பிட வைத்துவிடலாம். காலையில் ஒன்பதரைக்கு முன் கிளம்பாதீர்கள், மாலை ஐந்துக்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள். அந்த நேரக் கூட்டத்தில் குழந்தையின் முகத்துக்கு நேரே எல்லோருடைய பைகளும்தான் இருக்கும்.

பாளை அம்மா | ஜூன் 2, இரவு 10.10

போன வாரம் ஊர் திரும்பிவிட்டோம். ஐந்து வேலை நாளும் நானும் பாப்பாவும் தனியாகத்தான் சுற்றினோம்.

முதல் நாள் கடையநல்லூர் அண்ணன் சொன்னபடி முன்பெட்டிக்குப் போனோம். சுரங்க விளக்குகள் எங்களை நோக்கி வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றவள், தமிழ் அறிவிப்பு வந்ததும் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தாள். "அம்மா, ரயில் நம்மைப் போலப் பேசுகிறது" என்றாள். பக்கத்தில் நின்ற ஒரு சீன மூதாட்டிக்கு அந்த வார்த்தை புரிந்திருக்க நியாயமில்லை, ஆனாலும் அவர் சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை தாவரவியல் பூங்காவில் சிறுவர் தோட்டம். அனுமதி இலவசம். குழந்தை இல்லாத பெரியவர்களை உள்ளே விடமாட்டார்கள், அதை நான் அவளிடம் சொன்னதும் "நான்தான் அம்மாவைக் கூட்டிப் போகிறேன்" என்று வாயிலில் நின்றவரிடம் தமிழிலேயே அறிவித்தாள். திங்கட்கிழமை மூடியிருக்கும், போகிறவர்கள் கவனியுங்கள்.

புதன்கிழமை புக்கிட் பாஞ்சாங். குட்டி ரயிலில் நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, கழிகளில் காயும் துணிகளை எண்ணிக்கொண்டு வந்தாள். ஒரு நொடியில் கண்ணாடி வெள்ளையானது. திடுக்கிட்டுப் பின்வாங்கியவள், மழை நாளில் பஸ் ஜன்னலைத் துடைப்பது போலப் பாவாடை நுனியால் அதைத் துடைத்தாள். போகவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தாள். தானாகவே தெளிந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உள்ளே இருக்கிறவர்கள் சாப்பிடுவார்கள், தூங்குவார்கள், நாம் பார்க்கக் கூடாது" என்று சொன்னேன். அடுத்த முறை கண்ணாடி வெளுத்தபோது தன் இரண்டு கைகளாலும் கண்ணையும் மூடிக்கொண்டாள். இரண்டு சுற்று வந்தோம், இரண்டிலும் அப்படியே.

டீச்சருக்கு ஒரு தகவல். பூகிஸில் நான் ஒரு கால் உள்ளே வைத்துவிட்டேன், அவள் இடைவெளியைப் பார்த்துத் தயங்கினாள், கதவு மூடும் ஒலி கேட்கத் தொடங்கியது. நான் வெளியே வந்துவிட்டேன். என் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவள் நின்ற இடத்தைவிட்டு அசையாமல் "அடுத்த ரயில் வரும்" என்றாள். சில நிமிடத்தில் வந்தது.

மேலப்பாளையம் தம்பி சொன்னதும் நடந்தது. வியாழக்கிழமை ஆசைப்பட்டு சைனாடவுன், பேஃபிரண்ட் என்று இரண்டு இடம் வைத்தேன். மூன்று மணிக்கு அவள் அழ ஆரம்பித்தாள், நானும் அழும் நிலையில் இருந்தேன். டாக்சி பிடித்து அறைக்கு வந்து இருவரும் ஆறு மணிவரை தூங்கினோம். அந்தப் பணம் வீணில்லை. நாலு வயதுக்கு ஒரு நாளைக்கு ஓர் இடம்தான், அதுவும் மதியச் சாப்பாட்டோடு முடிய வேண்டும்.

வெள்ளிக்கிழமை எங்கும் இறங்கவே இல்லை. மாடி பஸ்ஸில் மேல்தளத்து முன்வரிசையில் உட்கார்ந்து கடைசி நிறுத்தம்வரை போனோம், திரும்பி வந்தோம். மரக்கிளைகள் முகத்துக்கு நேரே வந்து உரசிப் போயின. மேலே நிற்கக் கூடாது என்பதால் யாரும் மறைக்கவும் இல்லை. அவள் அதற்கு "ஈரடுக்கு பஸ்" என்று பெயர் வைத்துவிட்டாள், நம் பாலத்தின் நினைவில். எட்டு நாளில் எது பிடித்தது என்று அவளுடைய அப்பா கேட்டபோது அதைத்தான் சொன்னாள்.

மேலப்பாளையத்தான் | ஜூன் 3, காலை 7.50

டிசம்பரில் மறுபடி போகிறோம். மகனுக்கு அப்போது நாலு வயது நெருங்கும். குட்டி ரயிலை எழுதி வைத்துக்கொண்டேன். சலுகை அட்டைக்கு எவ்வளவு நேரம் ஆனது அக்கா?

பாளை அம்மா | ஜூன் 3, காலை 8.30

வரிசையில் நின்ற நேரம்தான் தம்பி. பிள்ளையின் பாஸ்போர்ட்டை மறக்காமல் கையில் வைத்திருங்கள்.

ஓய்வுபெற்ற நடத்துநர் | ஜூன் 3, மாலை 6.20

படித்து மிகவும் சந்தோஷம் மகளே. செங்கோட்டை பாசஞ்சரில் பிள்ளையை ஏற்றினீர்களா, இல்லையா?

பாளை அம்மா | ஜூன் 8, இரவு 9.15

போவதற்கு முன் நேரமே கிடைக்கவில்லை தாத்தா. நேற்றுத்தான் போனோம். பேட்டை தாண்டியதும் வீடுகளைக் கண்டு "இப்போது ஜன்னல் வெள்ளையாகுமா?" என்று கேட்டாள். இது ஆகாது, நம் ஊர் ரயிலில் பார்க்கலாம் என்றேன். சேரன்மகாதேவி வருவதற்குச் சற்று முன்னால் தண்டவாளத்தை ஒட்டிய ஒரு வீட்டுப் புறவாசலில் ஓர் ஆச்சி முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தார். பாப்பா முதலில் கண்ணைப் பொத்திக்கொண்டாள். பிறகு விரலிடுக்கில் பார்த்தாள். ஆச்சி முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையை ஆட்டினார்.